ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே

சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில் 2002 முதல் ஒரு டாப்ளர் ரேடார் சுழல்கிறது. இந்திய வானிலைத் துறை நிறுவிய முதல் டாப்ளர் ரேடார் அது. மேகத்துக்குள் துளி எவ்வளவு அடர்த்தி, அது நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சொல்லிவிடும் கருவி. ஆனால் அதற்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாரப்பள்ளியின் தரை தெரியாது.

காரணம் பூமி உருண்டை என்பதுதான். துறைமுகத்திலிருந்து குந்தாரப்பள்ளி நேர்கோட்டில் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். ரேடாரின் கதிரை அடிவானத்துக்கு அரை டிகிரி மேலே வைத்து அனுப்பினால், போகப் போக அது உயர்கிறது. அதே நேரம் பூமியின் பரப்பு அடியில் வளைந்து இறங்குகிறது. இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டால், குந்தாரப்பள்ளிக்கு வரும்போது கதிரின் நடுக்கோடு கடல் மட்டத்துக்கு மேல் ஐந்தரை கிலோமீட்டரில் பறந்துகொண்டிருக்கும். கோடையில் நம் வானில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் உயரமும் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர்தான். ஆக, துறைமுகத்து ரேடார் இங்குள்ள மேகத்தின் பனிக்கட்டிப் பாதியைத்தான் பார்க்கிறது. மேகம் எங்கே முளைத்தது, எந்தக் காற்று அதைத் தூக்கிவிட்டது, கீழே என்ன விழுகிறது என்பதெல்லாம் அதன் பார்வைக்கு அடியில் நடக்கிறது.

இடிமழையின் பிறப்பைத் தீர்மானிப்பது அந்த அடிப்பகுதிதான். அங்கே கண்ணும் காதும் வைத்திருப்பவர்கள் மனிதர்கள்: மாந்தோப்புக்காரர், சந்தைக்கு ஆடு ஓட்டி வந்தவர், சிப்காட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்புகிறவர். வானிலை ஆர்வலர் என்று நாம் சொல்பவருக்கு இன்றைக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

முதலில், மேகம் ஏன் இங்கே கட்டுகிறது? வானொலியில் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய விடை, "வெப்பச்சலனம் காரணமாக". அது சரிதான், ஆனால் பாதி விடை. வெயில் தமிழ்நாடு முழுவதும் காய்கிறது. மழை எல்லா இடத்திலும் வருவதில்லை. குந்தாரப்பள்ளியின் இருப்பைப் பாருங்கள். மேற்கே ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில்; கிழக்கே கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டி. ஐம்பது கிலோமீட்டருக்குள் நிலம் இவ்வளவு சரிகிறது. வடக்கே வேப்பனப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகமும் ஆந்திரமும். நடுவில் மண் மூடாத கருங்கல் குன்றுகள். மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பாறைமேல் கால் வைத்தவருக்கு, அதன்மேல் உள்ள காற்று ஏன் நிலைகொள்ளாமல் எழும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதோடு இரண்டு காற்றுகள் இந்தப் பக்கத்தில்தான் சந்திக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் தக்காண மேட்டிலிருந்து காய்ந்த காற்று வருகிறது. வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்த காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வாணியம்பாடி, பர்கூர் வழியாக மேடேறுகிறது. உள் கர்நாடகத்திலிருந்து தமிழ்நாட்டின் உட்பகுதி வழியாகக் குமரி வரை ஒரு காற்றுத் திசை மாறுபாட்டுக் கோடு நிலவுவதாக வானிலை அறிக்கைகள் கோடையில் அடிக்கடி சொல்வது இந்தச் சந்திப்பைத்தான். எதிரெதிரே வரும் காற்றுக்குப் போக வேறு வழியில்லை. மேலேதான் போக வேண்டும். கோடு ஒருநாள் ஓசூர்ப் பக்கம் நகர்ந்தால் மழை அங்கே. மறுநாள் ஊத்தங்கரைப் பக்கம் சாய்ந்தால் குந்தாரப்பள்ளிக்கு வெறும் புழுக்கம்.

எழுந்த ஈரக்காற்று குளிர்ந்து துளியாகும்போது, நீரை ஆவியாக்கச் சூரியன் செலவிட்ட வெப்பம் திரும்ப வெளிவருகிறது. கிராமுக்கு ஏறத்தாழ 2,500 ஜூல். சிறியதாகத் தோன்றும் எண். பத்துக்குப் பத்து கிலோமீட்டர் பரப்பில் 20 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஒரு சாதாரண இடிமழையை எடுத்துக்கொள்வோம். விழுந்த நீர் 20 லட்சம் டன். அது துளியாக மாறியபோது வெளிவந்த வெப்பம் ஏறக்குறைய 140 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கோடையின் உச்சத்தில் தமிழ்நாடு முழுவதும் ஒரு நாளில் செலவாகும் மின்சாரம் 40 கோடி யூனிட்டைச் சற்றுத் தாண்டும். சூளகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் ஒரு மாலைப்பொழுதில் கரைந்துபோகும் மேகம், மாநிலத்தின் மூன்று நாள் மின்சாரத்தை வெப்பமாக விடுவித்துவிட்டுப் போகிறது. இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த வெப்பம்தான் காற்றை மேலும் மேலும் தூக்குகிறது. நல்ல மேகம் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டி, அடிவளிமண்டலத்தின் கூரையை முட்டித்தான் நிற்கும். அதற்குமேல் ஏற முடியாமல் தலை தட்டையாகப் பரவும்.

இவ்வளவு ஆற்றல் கைவசம் இருந்தும் பல நாள் ஒன்றும் நடக்காமல் போவது ஏன் என்பதுதான் முன்கணிப்பவரை வாட்டும் கேள்வி. இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் தக்காணத்துக் காய்ந்த வெப்பக் காற்று ஓர் அடுக்காகப் படர்ந்திருந்தால், கீழிருந்து எழும் காற்று அதில் முட்டித் திரும்பிவிடும். குக்கர் மூடியை நினைத்துக்கொள்ளலாம். மூடி இல்லாத நாளில் காலை பதினொரு மணிக்கே சின்னச் சின்ன மேகங்கள் கிளம்பி, ஆளுக்கொரு தூறல் போட்டுக் கலைந்துவிடும். மூடி மிகப் பலமாக இருந்தால் நாள் முழுக்க வெயில்தான். மூடி இருந்து, அதற்கடியில் ஈரமும் வெப்பமும் மாலை வரை சேர்ந்து, நான்கு மணிக்கு எங்கோ ஓரிடத்தில் அது உடைகிற நாள்தான் ஆபத்தான நாள். அன்றைக்குத்தான் கூரை ஷீட் பறக்கிறது, மரம் சாய்கிறது. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் வானிலைத் துறை அதைக் கடுமையான இடிமழை வகையில் சேர்க்கிறது.

மூடி எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் பலூன் விடுகிறார்கள். சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் காலை ஐந்தரை மணிக் கணக்குக்கு ஹைட்ரஜன் பலூன் ஒன்று வெப்பம், ஈரம், அழுத்தம் அளக்கும் சிறு பெட்டியைச் சுமந்துகொண்டு கிளம்புகிறது. அது அனுப்பும் தகவல் உலகெங்கும் பொதுவில் கிடைக்கிறது. ஒரு வரைபடத்தில் இரண்டு கோடுகள். ஒன்று வெப்பநிலை, மற்றது ஈரம். இரண்டும் எங்கே நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்க்கத் தெரிந்தவருக்கு அன்றைய மாலையின் குணம் காலை ஏழு மணிக்கே பிடிபடத் தொடங்கும். கேப் என்று ஆர்வலர்கள் சொல்லும் எண், அதாவது உயர எழும் காற்றுக்குக் கிடைக்கக்கூடிய ஆற்றல், இரண்டாயிரத்தைத் தாண்டினால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு ஒரு பொதுக் கல்வியாகவே பரவிவிட்டது. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் வானிலையியலில் பட்டம் பெற்றவர் அல்லர். நகர்ப்புறக் கட்டமைப்புக்கு நிதி தரும் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே வானம் பார்த்தவர். 2015 சென்னை வெள்ளத்தின்போதும் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோதும் அவர் எழுதியதை லட்சக்கணக்கானோர் படித்தார்கள். டெல்டாவில் ஹேமச்சந்தர், செல்வகுமார் போன்றவர்களின் கணிப்பைக் கேட்டுவிட்டு அறுப்புக்கு நாள் குறிக்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். இவர்களை வானிலை மையத்துக்குப் போட்டியாக நிறுத்தி வேடிக்கை பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை. பலூனும் ரேடாரும் இன்சாட் படமும் அரசின் உழைப்பு. அதைத் தெருவில் பேசும் தமிழில் பிரித்துச் சொன்னது ஆர்வலர்களின் உழைப்பு. மேகங்களை வகைபிரித்துப் பெயர் சூட்டிய லூக் ஹோவர்டும் 1802-இல் லண்டனில் மருந்து வணிகம் செய்துவந்தவர்தான். இந்தத் துறை தொடக்கத்திலிருந்தே ஆர்வலர்களுக்குக் கடன்பட்டது.

ஆனால் அவர்கள் பெயர் பெற்றது பெரும்பாலும் புயலிலும் வடகிழக்குப் பருவமழையிலும். புயல் பெயரோடு வரும், நாட்கணக்கில் தடம் காட்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் இதே மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோதுகூட, அந்தச் சுழல் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பது நாட்டுக்கே தெரிந்திருந்தது. இடிமழை அப்படியல்ல. ஒரு தனி மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர், ஆயுள் அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம். உலகின் சிறந்த கணினி மாதிரிகளில் ஒன்றான ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் மாதிரியே ஒன்பது கிலோமீட்டர்க் கட்டங்களாகத்தான் பூமியைப் பார்க்கிறது. அதன் ஒரு கட்டத்துக்குள் குந்தாரப்பள்ளியும் அக்கம்பக்கத்துச் சிற்றூர்கள் எல்லாமும் அடங்கிவிடும்.

அதனால்தான் அறிக்கை "ஓரிரு இடங்களில்" என்கிறது. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. வானிலைத் துறைக் கணக்கில் அது அளந்து வைத்த சொல்: பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கில் மழை பதிவாகும் என்று பொருள். இன்றைக்கு இங்கே மூடி உடையும் என்பதைக் காலையில் சொல்ல முடியும். எந்தக் குன்றின்மேல் உடையும் என்பதைச் சொல்ல முடியாது. கருவி போதாததால் மட்டுமல்ல, காற்றின் மிகச் சிறிய வேறுபாடும் ஒரு மணி நேரத்துக்குள் மேகத்தின் இடத்தையே மாற்றிவிடும் என்பதால். "நாளை மாலை நான்கு மணிக்கு உங்கள் ஊரில் ஆலங்கட்டி மழை" என்று முந்தின நாளே அடித்துச் சொல்கிறவர், ஆர்வலரோ அதிகாரியோ, அறிவியலைத் தாண்டிப் பேசுகிறார். "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று மாவட்டப் பெயர்களோடு வருகிற எச்சரிக்கைதான் இடிமழைக்கு உண்மையான முன்கணிப்பு.

அந்த மூன்று மணி நேரத்தில் தரையில் நிற்பவர் எதைப் பார்க்க முடியும் என்பதற்கு ஜப்பானியர் ஒருவரின் கதை நல்ல சான்று. தெத்சுயா புஜிதா கியூஷு தீவில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1947-இல் செஃபுரி மலையில் இருந்த வானிலை நிலையத்தின் வழியே ஓர் இடிமழை கடந்தபோது பதிவான காற்றையும் அழுத்தத்தையும் வைத்துக்கொண்டு யோசித்தார். மேகம் என்றால் காற்று மேலே போகும். ஆனால் மழையின் நடுவில் அழுத்தம் சட்டென்று ஏறியிருந்தது. அப்படியானால் அங்கே கனத்த குளிர்காற்று கீழே இறங்கியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அதே சமயம் அமெரிக்காவில் ஹொரேஸ் பயர்ஸ் தலைமையில் ஒரு பெருந்திட்டம் விமானங்களை இடிமேகங்களுக்குள் செலுத்தி, பெரும் பொருட்செலவில் இதே உண்மையைக் கண்டுகொண்டிருந்தது. புஜிதா தன் ஆய்வை பயர்ஸுக்கு அனுப்பினார். 1953-இல் சிகாகோவுக்கு அழைப்பு வந்தது. பிற்பாடு, 1975-இல் நியூயார்க்கில் தரையிறங்கும்போது நொறுங்கிய விமானத்தை வீழ்த்தியது மேகத்திலிருந்து செங்குத்தாக விழுந்து தரையில் சிதறிய காற்றே என்று காட்டியவரும் அவர்தான்.

குந்தாரப்பள்ளியில் ஷீட்டைத் தூக்கி எறிவதும் பெரும்பாலும் அந்தக் காற்றுதான். மழைத்துளிகள் வழியில் காய்ந்த காற்றில் பாதி ஆவியாகின்றன. ஆவியாகும் துளி சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. குளிர்ந்த காற்று கனத்து விழுகிறது. தரையில் மோதி எல்லாத் திசையிலும் பாய்கிறது. மழைக்குப் பத்து இருபது நிமிடம் முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, சில நிமிடங்களில் வெப்பத்தை எட்டுப் பத்து டிகிரி இறக்கிவிடும் அந்த முன்காற்று அதுதான். அதோடு வரும் மண்வாசனை, எங்கோ சில கிலோமீட்டரில் மழை ஏற்கெனவே இறங்கிவிட்டது என்பதற்கான தகவல். வாசனை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

மேகத்தின் விளிம்பும் பேசும். பக்கங்கள் கூர்மையாக, கொதிப்பது போல மேலே தள்ளிக்கொண்டிருந்தால் அது இன்னும் வளர்கிறது. விளிம்பு பஞ்சாய்க் கலைந்து இழைபோலத் தெரியத் தொடங்கினால் உச்சி பனிக்கட்டியாகிவிட்டது. மின்னலுக்கு ஏற்பாடு முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். மேகத்துக்குள் மென்மையான பனியுருண்டைகளும் சிறு பனித்துகள்களும் மோதிக்கொள்ளும்போதுதான் மின்னூட்டம் பிரிகிறது. கனத்தவை எதிர் மின்னூட்டத்தோடு கீழே தங்க, லேசானவை நேர் மின்னூட்டத்தோடு மேலே போகின்றன.

ஆலங்கட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்துக்கு அது பணப்பிரச்சினை. இரண்டு சென்டிமீட்டர் கட்டி ஒன்று மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் விழும். அதைக் காற்றில் தாங்கி வளர்த்த மேல்நோக்கிய காற்றும் அதே அளவு வேகத்தில் வீசியிருக்க வேண்டும். உறைநிலை உயரத்திலிருந்து சென்னைக்கு விழும் கட்டி உருக ஐந்து கிலோமீட்டர் வழி இருக்கிறது, ஓசூருக்கு நான்குதான். கடற்கரையில் அரிதான ஆலங்கட்டி ஓசூர்ச் சுற்றுவட்டாரத்துக்குக் கோடையில் புதிதல்ல. ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலின் கூரைத் தாளுக்கு அது என்ன செய்யும் என்று தளியிலோ பாகலூரிலோ கேட்டுப் பார்க்கலாம். மாங்காய்க்கு இன்னும் கொடுமை. பெங்களூரா ரகம் முற்றிக்கொண்டிருக்கும் மே மாதத்தில் கால்மணி நேரச் சூறைக்காற்று போதும். கூழ் ஆலைக்குப் போக வேண்டிய காய் தரையில் கிடக்கும்.

இருந்தாலும் உயிரைப் பறிப்பது மின்னல்தான். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னலால் இறக்கிறார்கள், பெரும்பாலும் வயலிலும் மேய்ச்சல் காட்டிலும். வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து ஆடுகளோடு திரும்புகிறவர் மழைக்கு ஒதுங்கத் தேடும் புளியமரம்தான் அந்த நேரத்தில் மிக மோசமான இடம். நான்கு பக்கமும் திறந்த தகரக் கொட்டகையும் காப்பாற்றாது. கான்கிரீட் கட்டடம், கதவு மூடிய கார், பேருந்து, இவைதான் சரி. மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணினால் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. முப்பது நொடிக்குள் கேட்டால் உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பின் அரைமணி கழித்துத்தான் வெளியே வர வேண்டும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி அருகில் மின்னல் விழுவதைக் கைப்பேசியிலேயே காட்டும். ஆடு மேய்க்கும் வீட்டில் ஒருவராவது அதை வைத்திருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஜூன் பிறந்ததும் காட்சி மாறுகிறது. கீழடுக்கிலும் நடு அடுக்கிலும் காற்று மேற்கிலிருந்து நிலைத்து வீசத் தொடங்கும். தென்மேற்குப் பருவம் கேரளத்தில் கொட்டித் தீர்க்க, சென்னைக்கு அது மலை மறைவுதான். ஆனாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னை 40 சென்டிமீட்டருக்குமேல் மழை பெறுகிறது. அதில் பெரும்பங்கு மாலையிலும் இரவிலும் வரும் இடிமழை. அந்த மேகங்கள் பெரும்பாலும் கடலில் பிறந்தவை அல்ல. பிற்பகலில் பெங்களூரு மேட்டின் கிழக்கு விளிம்பிலும் சித்தூர்க் குன்றுகளிலும் ஏலகிரி, ஜவ்வாது மலைகளிலும் கட்டியவை. ஒரு மேகம் தானே அவ்வளவு தூரம் போவதில்லை. அது இறக்கிய குளிர்காற்று முன்னால் ஓடி, கிழக்கே இருக்கும் வெப்பக் காற்றைத் தூக்கிவிட, அங்கே அடுத்த மேகம் முளைக்கிறது. அது சாகும்போது இன்னொன்றை எழுப்பிவிட்டுப் போகிறது. கடற்காற்று உள்ளே புகுந்து நிற்கும் கோட்டை இந்த வரிசை சந்தித்தால் மறுபடி வலுக்கும். மணிக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர் என்று நகர்ந்து, கிருஷ்ணகிரிப் பக்கம் மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய வரிசை கடற்கரையைத் தொடும்போது இரவு பத்தோ பதினொன்றோ ஆகலாம். பெரும்பாலான வரிசைகள் வழியில் ஆம்பூரிலோ ஆற்காட்டிலோ அறுந்துவிடும். எது அறும், எது போய்ச் சேரும் என்பதுதான் சென்னை ஆர்வலர்கள் ரேடார் படம் மாற மாற விழித்திருந்து கணிக்கும் விஷயம்.

அவர்களுக்கு மேற்கிலிருந்து ஒரு தகவல் போனால் எவ்வளவு பயன் என்று பாருங்கள். மாலை 4.40, குந்தாரப்பள்ளி, மேற்கிலிருந்து புழுதிக்காற்று, வெப்பம் 36-லிருந்து 27. மழை 4.52-க்கு. இரண்டு நிமிடம் ஆலங்கட்டி, அளவுகோல் வைத்துப் பார்த்ததில் 8 மில்லிமீட்டர். மழைமானியில் அரைமணி நேரத்தில் 22 மில்லிமீட்டர். இப்படி ஒரு பதிவுக்குத் தேவை ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி, நேர்ச்சுவருள்ள ஒரு பாத்திரம், ஓர் அளவுகோல். இதைப் படிப்பவருக்கு மேகத்தின் மழை மையம் 4.50 வாக்கில் சரிந்துவிட்டது என்றும், குளிர்காற்று பன்னிரண்டு நிமிடம் முந்திக்கொண்டு கிழக்கே போய்விட்டது என்றும் தெரிந்துவிடும். துறைமுகத்து ரேடாரில் இன்னும் சிவப்பாகத் தெரிகிற குந்தாரப்பள்ளி மேகத்தை அவர் விட்டுவிடலாம். அடுத்த முளை பர்கூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், அடுத்த அரைமணி ஒரு மணி நேரத்தில், இன்னும் எந்தப் புள்ளியும் தெரியாத இடத்தில் தேட வேண்டியது.